கேபிளுக்கு அப்பாலேயே தடுக்க வேண்டும்

(அந்தமானின் டாலிகஞ்சில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இணையதளங்களை முடக்கும் தாக்குதல்களிலிருந்து சிடிஎன் என்ற உள்ளடக்க விநியோக வலையமைப்பு நம்மைக் காப்பாற்றுமா என்பதுதான் இன்றைய பேச்சு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பாற்றும். தீவில் வாழும் நமக்கு அதைவிட நல்ல தற்காப்பு இன்றைக்கு வேறு இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கி மாட்டிவிட்டால் போதும், தானாகக் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பக்கம் விழவே கூடாது, எந்த முகவரி வெளியே தெரியக் கூடாது, காவலே விழுந்தால் அடுத்த வழி என்ன என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருப்பவர்களைத்தான் அது காக்கும்.

இதை ஏன் டாலிகஞ்சில் பேச வேண்டும்? காரணம் கடலுக்கடியில் கிடக்கிறது.

2020 ஆகஸ்ட் வரை இந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. ஒரு பக்கத்தைக் கேட்டால், அந்தக் கோரிக்கை 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, அவ்வளவு தூரம் கீழே இறங்கி, பதிலும் அதே வழியாகத் திரும்ப வேண்டும். அதற்கே அரை விநாடி போய்விடும். கிடைத்த அலைவரிசையோ சொற்பம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் இறங்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் இங்கே இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடிக் கேபிள் அந்த நிலையை மாற்றியது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். பி.எஸ்.என்.எல். நிறைவேற்றிய திட்டம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே விநாடிக்கு 200 கிகாபிட் திறனுள்ள இரண்டு வழிகள். அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் 100 கிகாபிட் திறனுள்ள இரண்டு வழிகள். சென்னைக்குப் போய் வர ஒளிக்கு இப்போது விநாடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆவதில்லை.

இரண்டு இருநூறு, ஆக நானூறு கிகாபிட். தொடங்கி வைத்தபோது அறிவித்த திறன் அது. இந்த நானூறு என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே வரும்.

முடக்குவது என்றால் என்ன

ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் டிக்கெட் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க ஐம்பது பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஐயாயிரம் பேர் வந்து வரிசையை அடைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரும் பயணம் போகப் போவதில்லை. ஆளாளுக்கு ஜன்னலுக்குப் போய் எதையோ கேட்டுவிட்டு, மறுபடி வரிசையில் வந்து நிற்கிறார்கள். பூட்டு உடையவில்லை. பணம் களவு போகவில்லை. உள்ளே இருக்கும் ஊழியர் ஓயாமல் வேலை பார்க்கிறார். ஆனாலும் பயணிக்கு டிக்கெட் இல்லை. சேவை மறுப்புத் தாக்குதல் இதுதான். அந்த ஐயாயிரம் பேரும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து, தங்களுக்கே தெரியாமல் ஏவப்பட்ட கணினிகளாக இருந்தால் அதைப் பரவல் தாக்குதல், டிடாஸ் என்கிறோம்.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, வருகிற குழாயையே நிரப்புவது. கேட்பது என்ன என்பதே முக்கியமில்லை. குப்பைத் தரவைக் கொட்டிக்கொண்டே இருந்தால் நல்ல கோரிக்கை உள்ளே நுழைய இடமிருக்காது. இரண்டாவது, இணைப்பைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விடுவது. சர்வர் ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கிக் காத்திருந்து காத்திருந்து திணறும். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தை இப்படித்தான் முடக்கினார்கள். மூன்றாவது, நல்ல பயனர் போலவே நடித்து, சர்வருக்கு அதிக வேலை வைக்கும் கேள்விகளைக் கேட்பது: தேடல், லாகின், டிக்கெட் இருப்பு. மூன்றிலும் கண்டுபிடிக்கக் கடினமானது இந்த மூன்றாவது வகைதான்.

இதெல்லாம் எங்கோ அயல்நாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். தமிழர் வாழ்விலும் இதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வரலாறு உண்டு. 1998இல் தங்களை 'இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்' என்று அழைத்துக்கொண்ட குழு, இலங்கைத் தூதரகங்களுக்கு இரண்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல்கள் வீதம் அனுப்பி அஞ்சல் பெட்டிகளை அடைத்தது. அன்றைய சர்வருக்கு எண்ணூறு கடிதமே பெரும் சுமை.

2012இல் நடந்ததற்கு நம் தமிழ் சினிமாவே காரணமாக இருந்தது. 'கொலவெறி' பாட்டுக்குப் பெயர்போன '3' படத்தைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்க, சென்னை நிறுவனம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. அந்த உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள், குறிப்பிட்ட பக்கங்களோடு நிற்காமல், விமியோ போன்ற முழுத் தளங்களையே அடைத்துவிட்டன. சட்டப்படி தன் குறும்படத்தை ஏற்றி வைத்திருந்த இளைஞனும் அதில் அடிபட்டான். கோபம் கொண்ட அனானிமஸ் என்ற ஹேக்கர் குழு மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் தளத்தையும் காங்கிரஸ் கட்சியின் தளத்தையும் முடக்கியது. ஜூன் முதல் வாரத்தில் எம்.டி.என்.எல். தளத்துக்கும் அதே கதி. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளைத்தான் தடுக்க வேண்டும், முழுத் தளங்களையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது.

அந்தப் போராட்டத்தின் நோக்கத்தில் நியாயம் இருந்தது என்று நினைப்பவர்கள் இங்கேயும் இருக்கலாம். முழுத் தளத்தை அடைத்தது தவறு என்பதே என் கருத்தும். ஆனால் உச்ச நீதிமன்றத் தளம் முடங்கிய நேரத்தில் தன் வழக்கு எந்தத் தேதிக்குப் பட்டியலாகியிருக்கிறது என்று பார்க்க வந்தவர் என்ன பாவம் செய்தார்? அடைத்தவர்களும் முடக்கியவர்களும் ஒரே செயலைத்தான் செய்தார்கள். சம்பந்தமில்லாதவரின் வழியை மறித்தார்கள். நம் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையுள்ள ஒருவருக்குக் கணினி கிடைக்காமல் செய்வதை இழப்பீடு தர வேண்டிய செயல்களின் பட்டியலில் வைக்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

கூட்டத்துக்காகப் பிறந்த ஏற்பாடு

சிடிஎன் தாக்குதலைத் தடுக்கப் பிறந்தது அல்ல. கூட்ட நெரிசலைச் சமாளிக்கப் பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் 1998இல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தை லட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால், ஒரே சர்வர் பதில் சொல்வது வீண்; பல ஊர்களில் பிரதி வைத்து, அவரவருக்கு அருகிலிருந்து கொடுக்கலாம் என்பது அவர்களுடைய யோசனை. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட முதல் விமானத்தில் இருந்த லெவின் கொல்லப்பட்டார். அன்று உலகமே செய்தித் தளங்களுக்கு ஓடியது. அந்த வெள்ளத்தைத் தாங்கியதில் அவர் கட்டிய வலையமைப்புக்கும் பங்கு உண்டு.

டாலிகஞ்சில் ஒரு மாணவி தன் போனில் ஒரு தளத்தைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிடிஎன் இல்லாவிட்டால் அவளுடைய கோரிக்கை நேராக அந்தத் தளத்தின் மூல சர்வருக்குப் போகும். இருந்தால், தளத்தின் பெயரைக் கேட்டவுடன் சிடிஎன் நிறுவனத்தின் முகவரி கிடைக்கும். கோரிக்கை அருகிலுள்ள நகரத்தில் இருக்கும் அவர்களுடைய சர்வருக்குப் போகும். நமக்கு அது பெரும்பாலும் சென்னை. அங்கே பக்கத்தின் பிரதி தயாராக இருந்தால் அப்படியே திரும்பிவிடும். மூல சர்வருக்கு இப்படியொரு மாணவி வந்ததே தெரியாது.

எனிகாஸ்ட் என்ற முறையில், ஒரே முகவரியை உலகத்தின் நூற்றுக்கணக்கான நகரங்களிலிருந்து அறிவிப்பார்கள். பிரேசிலில் இருக்கும் கணினி அந்த முகவரிக்கு எதை அனுப்பினாலும் பிரேசிலில் உள்ள சர்வருக்கே போய்ச் சேரும். வியட்நாமில் இருப்பது வியட்நாமுக்கு அருகில் சேரும். பல்லாயிரம் கணினிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இடத்தைத் தாக்கினாலும், அந்தத் தாக்குதல் அவையவை இருக்கும் ஊரிலேயே துண்டு துண்டாகக் கரைந்துவிடும். மேலும் சிடிஎன் இணையப் பக்கத்துக்கான வாசல்களை மட்டுமே திறந்து வைக்கிறது. குழாயை நிரப்ப வரும் குப்பைத் தரவில் பெரும்பகுதி அந்த வாசலுக்கானதே அல்ல, அங்கேயே கழிக்கப்படும்.

இப்போது அந்த நானூறுக்கு வருவோம். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் மேல் நடந்த தாக்குதலின் உச்சம் 300 கிகாபிட் என்றார்கள். அது நம் கேபிளில் முக்கால் பங்கு. 2016 செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் தளத்தை 620 கிகாபிட் தாக்கியது. நம் கேபிளை மிஞ்சிவிட்டது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்துக்கு 1.35 டெராபிட், மூன்று மடங்குக்கு மேல். 2025 மே மாதம் கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் நிறுவனம் தடுத்ததாகச் சொன்ன தாக்குதல் 7.3 டெராபிட். நம் கேபிளைப் போல் பதினெட்டு மடங்கு. அதற்குப் பிறகும் அளவு ஏறிக்கொண்டேதான் போகிறது.

ஆகவே, தீவில் ஓர் அலுவலக அறையில் சர்வரை வைத்து, அதற்கு முன்னால் எவ்வளவு விலையுயர்ந்த தடுப்புக் கருவியை நிறுத்தினாலும் பயன் இல்லை. கருவி குப்பையை அடையாளம் காணும். ஆனால் குப்பை அதற்குள் கேபிளைத் தாண்டி வந்துவிட்டிருக்கும். குழாய் நிரம்பிய பிறகு வாசலில் வடிகட்டி என்ன ஆகப் போகிறது? அந்த நேரத்தில் ஜி.பி. பந்த் மருத்துவமனையின் இணைப்பும், வங்கியின் ஏ.டி.எம்.மும், கார் நிக்கோபாரில் வீடியோ அழைப்பில் இருக்கும் தாயும் அதே குழாயில்தான் காத்திருக்க வேண்டும். ஓர் இணையதளத்தைக் குறிவைத்த தாக்குதல் ஒரு தீவுக்கூட்டத்தையே முடக்கலாம். பெருநகரத்துக்கு நூறு வழிகள் இருக்கின்றன. நமக்கு அப்படி இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: கேபிளுக்கு அப்பாலேயே தடுக்க வேண்டும். அப்படித் தடுக்கக்கூடியது, தாக்குதல் கிளம்பும் ஊர்களிலேயே காவல் வைத்திருக்கும் சிடிஎன் போன்ற வலையமைப்புதான்.

காவலுக்குள்ளும் ஓட்டைகள்

சிடிஎன் எங்கெல்லாம் கைவிடும் என்பதையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன்.

முதல் ஓட்டை, பிரதி எடுக்க முடியாத பக்கம். கப்பல் கால அட்டவணைக்குப் பிரதி எடுக்கலாம். எல்லோருக்கும் அது ஒன்றே. ஆனால் ஒருவரின் டிக்கெட், ஒருவரின் வங்கி இருப்பு, ஒருவரின் தேர்வு எண் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறு. அவற்றுக்கு மூல சர்வர்தான் பதில் சொல்ல வேண்டும். தாக்குபவர்களுக்கு இது தெரியும். தாக்குதலுக்கு உள்ளான சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் வரிகள் இப்படி ஓடும். 10 மணி 2 நிமிடம் 7 விநாடி: முகப்புப் பக்கம், கேள்விக்குறி, 'க்யூ7எக்ஸ்'. அதே விநாடி: முகப்புப் பக்கம், கேள்விக்குறி, 'எம்3பி'. அதே விநாடி: முகப்புப் பக்கம், கேள்விக்குறி, 'இசட்9டி'. ஒவ்வொன்றும் வேறு நாடு, வேறு முகவரி. கேட்பது அதே பக்கம்தான். வால் மட்டும் புதிது. வால் மாறியதால் சிடிஎன் அதைப் புதுப் பக்கம் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் மூல சர்வரைப் போய் எழுப்புகிறது. 'இந்தப் பக்கத்துக்கு வால் எதுவாக இருந்தாலும் ஒரே பிரதிதான்' என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் இந்த வித்தை பலிக்காது. எழுதி வைக்காவிட்டால் காவல்காரனே திருடனுக்கு வழி காட்டியதாக ஆகிவிடும்.

இரண்டாவது ஓட்டை, மூல சர்வரின் முகவரி வெளியே தெரிவது. சிடிஎன்னை முன்னால் நிறுத்திவிட்டு, பின்வாசல் முகவரியை உலகத்துக்கே சொல்லி வைத்தால் தாக்குபவர் நேராக அங்கே போவார். பழைய பெயர்ப் பதிவுகளிலிருந்து தெரியும். அதே சர்வரிலிருந்து போகும் மின்னஞ்சலின் தலைப்பிலிருந்து தெரியும். சோதனைக்காக யாரோ திறந்து மறந்துபோன துணைத்தளத்திலிருந்து தெரியும். பெல்ஜிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் இப்படிப் பாதுகாக்கப்பட்ட பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களைச் சோதித்தார்கள்; பத்தில் ஏழு தளங்களின் உண்மை முகவரியைக் கண்டுபிடிக்க முடிந்தது. வைத்தியம் எளிது. சிடிஎன்னுக்கு மாறும்போதே மூல சர்வரின் முகவரியை மாற்றுங்கள். சிடிஎன் தவிர வேறு யார் கதவைத் தட்டினாலும் திறக்காதபடி அமையுங்கள். மின்னஞ்சலை வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள். ஒரு நாள் வேலை. பத்தில் ஏழு பேர் அந்த ஒரு நாளை ஒதுக்கவில்லை.

மூன்றாவது, தாக்கப்படுவது இணையதளமாக இல்லாமல் இணைய நிறுவனமாகவே இருந்தால்? 2016 ஜூலையில் மும்பையில் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களைக் குறிவைத்துத் தாக்கினார்கள். அவற்றின் சந்தாதாரர்கள் தவித்தார்கள். காவல்துறையில் வழக்கு பதிவானது. அங்கே சிடிஎன்னுக்கு வேலை இல்லை. இணைய நிறுவனம் தன் மேல்நிலை இணைப்பாளரோடு பேசி, நல்ல தரவையும் கெட்ட தரவையும் பிரிக்கும் ஏற்பாட்டைக் கரையிலேயே, நமக்குச் சென்னையிலேயே, வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, காவலே விழுவது. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன்னில், வாடிக்கையாளர் ஒருவர் செய்த முறையான அமைப்பு மாற்றம் உள்ளே ஒளிந்திருந்த பிழையைத் தூண்டிவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரிட்டிஷ் அரசின் தளம் உட்பட எத்தனையோ தளங்கள் உலகெங்கும் மறைந்தன. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரில், பாட் எனப்படும் தானியங்கி நிரல்களைக் கண்டுபிடிக்கும் பகுதிக்கான கோப்பு எதிர்பாராமல் பெருத்துப்போனதால் சாட்ஜிபிடி, எக்ஸ் போன்றவை மணிக்கணக்கில் தடுமாறின. இரண்டிலும் தாக்கியவர் யாரும் இல்லை. பலரும் ஒரே குடையின் கீழ் நின்றதால் ஒரே நேரத்தில் நனைந்தார்கள்.

ஐந்தாவது, காவலுக்கு உரிமையாளர் உண்டு, விலையும் உண்டு. கிரெப்ஸின் தளத்தை அகமாய் அதுவரை இலவசமாகவே காத்து வந்தது. அந்த 620 கிகாபிட் தாக்குதல் வந்தபோது, தாக்குப்பிடித்தாலும் செலவு தாங்காது என்று விலகிக்கொண்டது. பிறகு கூகுளின் புராஜெக்ட் ஷீல்டு, செய்தித் தளங்களுக்கு இலவசமாகத் தரும் காவலில் அவரை ஏற்றது. இன்று சிறிய தளங்களுக்கும் கட்டணமில்லாக் காவல் கிடைக்கிறது. 2017 முதல் கிளவுட்ஃப்ளேர் தாக்குதலின் அளவைப் பார்த்துக் கட்டணம் கூட்டுவதில்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் அப்படியல்ல. தாக்குதல் தரவுக்கும் சேர்த்து பில் வருமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். மறைகுறியாக்கத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் சிடிஎன் பெரும்பாலும் வேலை செய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நம் கடவுச்சொற்களும் அந்த வழியாகத்தான் போகும். அரசுத் தளம் என்றால், அந்த நம்பிக்கையை யாரிடம் வைக்கிறோம் என்று பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும்.

பகை இல்லாத வெள்ளம்

சர்வருக்குப் பகைவனும் தெரியாது, பதற்றத்தில் ஓடி வரும் மனிதனும் தெரியாது. இரண்டும் அதற்குக் கோரிக்கைகள்தான்.

2012 ஏப்ரல் 11 மதியம் உங்களுக்கு நினைவிருக்கும். சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிலநடுக்கம். இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த தீவுகளில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒரே செய்தி: அலை வருமா, வராதா? 2004க்குப் பிறகு ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபரில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. கடலில் மிதவைகளை நிறுத்திப் பராமரிக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தீவு மையம் இந்த டாலிகஞ்சிலேயே இருக்கிறது. மிதவை சரியாகச் சொல்லி, மையம் சரியாகக் கணித்து, அந்தப் பக்கம் மட்டும் லட்சம் பேர் ஒரே நேரத்தில் திறந்ததால் திறக்காமல் போனால், அத்தனை உழைப்பும் கடைசி அடியில் வீணாகும். எச்சரிக்கைப் பக்கம் சில வரி எழுத்து, ஒரு வரைபடம். சிடிஎன்னில் வைக்க இதைவிடப் பொருத்தமான பக்கம் கிடையாது. பிரதியின் ஆயுளை மட்டும் சில விநாடிகள் என்று வைக்க வேண்டும். பழைய எச்சரிக்கையைக் காட்டும் பிரதி, பக்கமே இல்லாததைவிட ஆபத்து.

ரயில்வேயின் அனுபவமும் நமக்குப் பாடம். தத்கல் டிக்கெட் திறக்கும் முதல் ஐந்து நிமிடத்தில், லாகின் முயற்சிகளில் பாதி வரைக்கும் பாட்களே செய்கின்றன என்று 2025 ஜூன் மாதம் ரயில்வே அமைச்சகமே சொன்னது. முன்னணி சிடிஎன் நிறுவனம் ஒன்றின் சேவையையும் பாட் தடுப்பு முறையையும் சேர்த்தார்கள். மே 22 அன்று காலை 10 மணிக்குத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் மட்டும் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. ஒரே நிமிடத்தில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. அதோடு நிறுத்தவில்லை. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிக் கணக்குகளை முடக்கினார்கள். ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு இல்லாமல் இணையத்தில் தத்கல் எடுக்க முடியாது என்று விதி போட்டார்கள். சிடிஎன் வாசலில் நெரிசலைக் குறைத்தது. உள்ளே வருபவர் யார் என்பதை விதிதான் தீர்த்தது. நம் தீவுகளுக்கிடையே ஓடும் படகுக்கும், பெருநிலக் கப்பலுக்கும் இணையத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் இதே இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

நம் நாட்டில் இதற்கான வழி இல்லாமல் இல்லை. தேசிய தகவலியல் மையம் மாவட்ட நிர்வாகங்களுக்குத் தரும் எஸ்3வாஸ் தளங்களில் ஒரு படத்தின் முகவரியை உற்றுப் பாருங்கள். அதிலேயே சிடிஎன் என்று இருக்கும். ஏற்பாடு இருக்கிறது. அதை எல்லாப் பொதுச் சேவைக்கும் கொண்டுபோவதும், ஓட்டைகளை அடைப்பதும்தான் மிச்சம்.

ஆகவே நம் நிர்வாகத்திடமும், இங்கே தளம் நடத்தும் பள்ளி, சங்கம், விடுதி, செய்தித்தாள் எல்லோரிடமும் நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. எந்தெந்தப் பக்கங்கள் எந்த நாளிலும் விழக் கூடாது என்று ஒரு பட்டியல் போடுங்கள்: வானிலை, சுனாமி எச்சரிக்கை, கப்பல் நேரம், மருத்துவமனை எண்கள், தேர்வு முடிவு. அவற்றை வெறும் எழுத்தாக, பிரதி எடுக்கத் தக்க பக்கங்களாகப் பிரித்து சிடிஎன்னில் வையுங்கள். மூல சர்வரை மறையுங்கள். தீவுக்குள் வைப்பதானால் கேபிளின் திறனை நினைவில் கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, தாக்குதல் வந்தால் யார் யாரை அழைப்பது என்று ஒத்திகை பாருங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி இத்தகைய தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இணையமே இல்லாமல் செய்தி போய்ச் சேரும் வழியை ஒருநாளும் கைவிடாதீர்கள். வானொலியும், வி.எச்.எஃப். கருவியும், கரையோரச் சங்கொலியும் பழையவை என்று மூலையில் போடத்தக்கவை அல்ல.

உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். கிரெப்ஸின் தளத்தைத் தாக்கிய மிராய் என்ற படையில் இருந்தவை பெரும் கணினிகள் அல்ல. வீட்டு ரூட்டர்கள், கண்காணிப்பு கேமராக்கள், கேமராப் பதிவுப் பெட்டிகள். தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' போன்ற கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதால், அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே அத்தனையையும் பிடித்தார்கள். எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம் கடைகளிலும் வீடுகளிலும் இப்போது கேமரா இல்லாத வாசல் குறைவு. அதன் கடவுச்சொல்லை மாற்றாதவர், தெரியாமலேயே யாரோ ஒருவருடைய படைக்கு ஆள் கொடுக்கிறார். இன்று வீட்டுக்குப் போனதும் அதை மாற்றுங்கள். தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மாற்றிக் கொடுங்கள். ஐ.டி.ஐ. படிக்கும், பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்காகத் தெருத் தெருவாகப் போனால் அது பெரிய தொண்டு.

இணைய நிறுவனங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பொய்யான அனுப்புநர் முகவரியோடு கிளம்பும் தரவைத் தங்கள் வலையமைப்பிலிருந்து வெளியே விடக் கூடாது என்ற பரிந்துரை 2000ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஸ்பாம்ஹாஸ், கிட்ஹப் ஆகியவற்றின் மேல் நடந்த பெரும் தாக்குதல்கள் அந்தப் பொய் முகவரியை நம்பித்தான் நடந்தன. கால் நூற்றாண்டாகியும் அதை முழுவதும் கடைப்பிடிக்காத நிறுவனங்கள் உலகத்தில் இருக்கின்றன. நம் சந்தாப் பணத்தை வாங்குபவர்களிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சிடிஎன் காப்பாற்றுமா என்ற முதல் கேள்விக்கே திரும்புவோம். குழாயை நிரப்பும் தாக்குதலை அதுவே தடுக்கும். புத்திசாலித்தனமான தாக்குதலை, நாம் விதிகளை எழுதிக் கொடுத்தால் தடுக்கும். நாம் திறந்து வைத்த பின்வாசலை அதனால் மூட முடியாது. தான் விழும்போது நம்மைத் தாங்கவும் முடியாது. முதல் வேலையை நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். மற்ற மூன்றும் நம்முடையவை. அவற்றுக்குத் தேவைப்படுவது பெரும்பணம் அல்ல, தாக்குதல் வருமுன் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகள். எத்தனையோ ஆண்டு காத்திருந்து நமக்குக் கேபிள் கிடைத்திருக்கிறது. அதன் திறன் இந்தத் தீவுகளில் வாழும் மக்களுக்கே பயன்பட வேண்டும். யாரோ கொட்டும் குப்பைக்கு அல்ல. அதை உறுதி செய்யும் பொறுப்பை இன்றே கையில் எடுப்போம்.